பிரசாதம் உட்பட

அக்கா எப்படி விழுந்தாள் என்று வார்டில் கேட்டபோது, "படியில் வழுக்கி" என்று நான் பதில் சொன்னேன். குடும்ப மானம் கருதிச் சொன்ன பதில். வலியில் கண்ணை மூடிப் படுத்திருந்த அக்கா, கண்ணைத் திறக்காமலே திருத்தினாள்.

"வழுக்கல. குரங்கு."

எழுதிக்கொண்டிருந்த டொக்டர் தலையை நிமிர்த்தவில்லை. கண்டியில் அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு காரணம்தான் போலும். நடந்தது இதுதான். தேநீரோடு சாப்பிட மேசையில் வைத்திருந்த பாணை ஒரு குரங்கு ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டு போனது. அக்கா வாசல்படிக்கு ஓடி, ஒரு செருப்பைக் கழற்றி எறிந்தாள். செருப்பு குரங்கின் மேல் படவில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்போடு அக்கா விழுந்தாள். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. பாண் திரும்பக் கிடைக்கவில்லை.

அக்கா மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். ரோட்டிலிருந்து படிக்கட்டு ஏறித்தான் போக வேண்டும். கண்டியில் வீடு என்பதே ஒரு படிக்கட்டின் முடிவில் வருகிற பொருள்தான். அக்காவுக்கு அந்த வீடு எவ்வளவு பிடிக்குமோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அந்தப் படிக்கட்டுக்குப் பயந்து எங்களில் யாரும் அடிக்கடி வராதது பிடிக்கும்.

எங்கள் குடும்பத்தில் விழுந்தவர்களுக்கென்று ஒரு வழிமுறை உண்டு. விழுந்தவரை முன் அறையில் படுக்க வைப்போம். அசையக் கூடாது என்போம். சூப் கொடுப்போம். சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்போம். இந்த முறையால் எழுந்து நடந்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, குசினியில் அடுப்படியில் விழுந்தாள். படுக்க வைத்தோம். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாள். நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்பதில் எல்லோருக்கும் திருப்தி. உண்மையில் பார்த்துக்கொண்டது அக்கா. முதுகுப் புண்ணைத் துடைத்ததும் அவள்தான். நாங்கள் திருப்தியை மட்டும் பார்த்துக்கொண்டோம்.

அதனால்தான், வார்டில் என்னைக் குனியச் சொல்லி அக்கா இப்படிச் சொன்னாள்: "டேய், என்னைய அத்தை மாதிரி படுக்கப் போட்றாதீங்க. நான் எங்க வீட்டுக்குப் போகணும். ஒங்க வீட்டுக்கு இல்ல. எங்க வீட்டுக்கு."

சரி என்றேன். இடுப்பு எலும்பைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அன்று மாலைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. நான் வாசிக்கிற ஆள். வார இதழ்களில் நகைச்சுவை எழுதுகிறேன். அகராதியைவிடப் பாரமான எதையும் தூக்கியதில்லை. கைபேசியில் படித்ததையெல்லாம் அக்காவின் தலைமாட்டில் நின்று விளக்கத் தொடங்கினேன். எலும்புத் தலைக்கு இரத்தம் எந்த வழியாக வருகிறது என்கிற இடத்தில் அக்கா கையைத் தூக்கினாள்.

"வலி எனக்கு. பேச்சு ஒனக்கா?"

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் மகள் வயதிருக்கும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ஒரு தாளைக் காட்டி, இடுப்பு முறிந்து வருகிற எல்லோருக்கும் இந்த வார்டில் ஒரே ஒழுங்குதான் என்று சொன்னார். முதலில் வலிக்கு மருந்து. பிறகு, கூடிய சீக்கிரம் ஒபரேஷன். மறுநாளே எழுப்பி நிறுத்துவது.

"மறுநாளா?" என்றேன்.

"ஓம். படுத்தே கிடந்தால் நெஞ்சில சளி கட்டும், காலில இரத்தம் உறையும், முதுகு புண்ணாகும். உலகம் முழுக்கக் கனபேரில பாத்துத்தான் இப்பிடிச் செய்யிறம். ஆரும் ஒருத்தர் நினைச்சு எழுதினதில்ல."

இந்த இடத்தில் கடுகண்ணாவை அண்ணன் வந்து சேர்ந்தார். சித்தப்பாவின் மகன், அக்காவுக்கு இளையவர், எனக்கு மூத்தவர். கடுகண்ணாவையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆணி, பைப், கல்யாணம், காணி, காய்ச்சல் என்று எதற்கும் எங்கள் குடும்பம் ஆலோசனை கேட்பது அவரிடம்தான். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"ஒரே பேப்பர்ல எல்லாருக்கும் வைத்தியமா? அப்ப டொக்டர் எதுக்கு?" என்று என்னிடம் கேட்டார், டொக்டருக்குக் கேட்கும்படியாக.

"எல்லாருக்கும் பொதுவானத பேப்பர் பாத்துக்கொள்ளும் ஐயா," என்றார் டொக்டர். "உங்கட அக்காவுக்கு மட்டும் உள்ளத நான் பாக்கிறன்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அவரிடமும் ஆதாரம் உண்டு. அவருடைய ஆதாரம் கம்பளையில் இருக்கிறது. "நம்ம கம்பளை ஆளு ஒருத்தரு" என்று தொடங்குவார். அந்தக் கம்பளைக்காரருக்கு வராத நோயில்லை. நவீன மருத்துவம் கைவிட்ட பிறகு அவர் குணமாகாத நோயும் இல்லை. இந்த முறை கம்பளைக்காரருக்கு இடுப்பு முறிந்திருந்தது. முறிவு வைத்தியர் ஒருவர் எண்ணெயும் பத்தும் போட்டு, மூன்று மாதம் அசையாமல் படுக்க வைத்து, எழுப்பிவிட்டாராம்.

"கத்தி படல. இப்ப மரம் ஏறுறாரு."

"முந்தி ஏறுவாராண்ணே?" என்று கேட்டேன்.

நியாயமாகச் சொன்னால், அந்த வைத்தியர் போலி அல்ல. அண்ணனின் மணிக்கட்டு முறிந்தபோது அழகாகப் பொருத்தியவர். டொக்டரும் அதை மறுக்கவில்லை. "கையெண்டால் வேற கதை. இது இடுப்பு. ஒபரேஷன் பிந்தப் பிந்த ஆபத்துக் கூடும்," என்றார். அக்கா கண்ணைத் திறந்து, "எங்க கையெழுத்து வைக்கணும்?" என்று கேட்டாள். மாநகரசபை ஆள். கையெழுத்தில்லாமல் ஒன்றும் நகராது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒபரேஷன் மறுநாள் காலை என்று முடிவாயிற்று. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் ஒன்றும் போடக் கூடாது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டையும் தொங்கவிட்டார்கள்: வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம். மூன்று மொழியிலும்.

காலையில், நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுக்க உறவினர்களை உள்ளே விடும் நேரத்தில், நானும் அண்ணனும் போனோம். அண்ணன் குளித்து, விபூதி பூசி, வேட்டியில் வந்திருந்தார். விடியும்போதே பிள்ளையார் கோவிலில் அக்கா பெயருக்கு அர்ச்சனை. கத்தி வைக்கப்போகிற உடம்புக்கு அர்ச்சனை செய்யாமல் இருக்க முடியுமா? எங்களில் யாரும் பரீட்சைக்கோ கோர்ட்டுக்கோ வெளிநாட்டுக்கோ அர்ச்சனை இல்லாமல் போனதில்லை. அண்ணன் அக்காவின் நெற்றியில் விபூதி இட்டார். வாழையிலைத் துண்டைப் பிரித்தார். சர்க்கரைப் பொங்கல், இன்னும் சூடாக இருந்தது.

"ஒரு வாய் போட்டுக்கக்கா. பிரசாதம்."

அக்கா வாயைத் திறந்தாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. நெய் தாராளம். அட்டை எங்கள் தலைக்கு மேலே மூன்று மொழியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தோம். அது சாப்பாட்டைப் பற்றியது.

இதைப் பிறருக்கு விளங்கப்படுத்துவது கடினம். சாப்பாடு என்பது பசிக்குச் சாப்பிடுவது. பிரசாதம் என்பது கொடுக்கப்படுவது. விரதம் இருப்பவர்கள்கூடப் பிரசாதம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு விரதத்தைத் தொடர்வதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வயிற்றிலும் அது தனியாக ஓரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதே எங்கள் எல்லோருடைய புரிதலும். எனவே, சற்று நேரத்தில் நர்ஸ் வந்து "ஒண்ணும் சாப்பிடலதானே?" என்று கேட்டபோது, மூன்று பேரும் "இல்லை" என்றோம். எங்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

மிச்சத்தை டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன். தியேட்டர் வாசலில், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிச் சிங்களத்தில் கேட்டிருக்கிறார்: கடைசியாக வாயில் போட்டது என்ன? அக்கா வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவள். அதே சிங்களத்தில் விபரமாகச் சொல்லியிருக்கிறாள். அரிசி, சர்க்கரை, நெய், முந்திரி வற்றல். கட்டிலைத் திருப்பிவிட்டார்கள்.

டொக்டர் எங்களை வராந்தாவில் நிறுத்தினார். கோபப்படவில்லை. அதைவிட மோசம், களைப்பாக இருந்தார்.

"மயங்கியிருக்கேக்க வயித்தில இருக்கிறது மேல வந்து நெஞ்சுக்குள்ள போனால் ஆளே போயிடும். விளங்குதா?"

"பிரசாதம் டொக்டர்," என்றார் அண்ணன், தவறு எங்கே நடந்தது என்று உதவுகிற குரலில்.

"பிரசாதம் எண்டாலும் வயித்துக்குள்ளதானே ஐயா போகும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் படித்தவன், ஏதாவது சொல்வேன் என்று. இந்தக் கோணத்தில் யாரும் எதையும் எழுதி நான் படித்ததில்லை.

அன்றைய ஒபரேஷன் வரிசையில் அக்காவின் இடம் வேறொருவருக்குப் போயிற்று. இனி நாளைக்குத்தான், அதுவும் விபத்துக் கேஸ் எதுவும் குறுக்கே வராவிட்டால். முறிந்த இடம் அசையாமலிருக்க அக்கா காலில் பாரம் கட்டியபடி படுத்திருந்தாள். வலி முகத்தில் தெரிந்தது. அப்போது அண்ணனுக்கு வேறொரு விளக்கம் தோன்றியது. இது தடங்கல் அல்ல, உத்தரவு. பிள்ளையாரே வேண்டாம் என்கிறார். வேனைக் கொண்டுவந்திருந்தார், பின் சீட்டை மடித்து மெத்தை போட்டால் அக்கா நீட்டிப் படுக்கலாம், மத்தியானத்துக்குள் முறிவு வைத்தியர் வீட்டில் இருக்கலாம்.

"சாமியே வேணாங்குதுக்கா. நாம என்னா செய்ய?"

நான் வாயைத் திறந்தேன். கைபேசியில் படித்ததில் பாதியும் மறந்துபோன மீதியுமாக ஒரு நீண்ட வாக்கியத்தைத் தொடங்கினேன். அதில் 'பன்னாட்டளவில்' என்ற சொல் இருந்தது. அண்ணன் வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். உண்மையாகவே பயந்தேன். எங்கள் குடும்பத்தில் அவர் சாவியை எடுத்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். முன் அறை, சூப், தேநீர் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. முன் அறை யாருடையது என்பதும் தெரிந்தது.

"டேய்," என்றாள் அக்கா. அண்ணனைத்தான். "பொங்கலக் கொண்டாந்தது நீ. சாமி மேல போடாத."

அண்ணன் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"நாளைக்கு வந்தா கைய வீசிட்டு வா. இல்லாட்டி வராத."

மாலையில் போனபோது அட்டையில் ஒரு மாற்றம் இருந்தது. 'வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம்' என்பதற்குக் கீழே, தமிழில் மட்டும், பேனாவால் எழுதியிருந்தது: பிரசாதம் உட்பட. டொக்டரின் கையெழுத்து. உலகம் முழுக்கக் கனபேரைப் பார்த்து எழுதிய ஒழுங்கில், எங்களைப் பார்த்த பிறகு சேர்ந்த பகுதி அது. வார்டுக்கு வந்த பிற தமிழர்கள் அதை வாசித்துவிட்டு யார் அந்தக் குடும்பம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பார்த்தேன்.

மறுநாள் பின்னேரம் ஒபரேஷன் நடந்தது. நன்றாக முடிந்தது. அண்ணன் கையை வீசிக்கொண்டு வந்து, கையை என்ன செய்வதென்று தெரியாமல் வராந்தாவில் நின்றார்.

அடுத்த மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், அக்காவை எழுப்ப வந்தார் ஃபிசியோ. அக்குறணைக்காரர், தலையில் கறுப்பு ஸ்கார்ஃப், கையில் நான்கு கால் வோக்கர். கட்டிலைச் சுற்றி நாங்கள் ஒரு கூட்டமாக நின்றோம். என் மனைவி, அண்ணன், அண்ணி, அக்காவோடு வேலை செய்த இரண்டு பேர்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கொ. அக்கா எழும்புறத்த பாக்க டிக்கட் ஒண்ணும் விக்கல்ல."

அக்கா காலைக் கீழே தொங்கப் போட்டதும் ஆறேழு கைகள் நீண்டன. ஃபிசியோ நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடி கைகள். என்னுடையதும் ஒன்று, நான் சொல்லாமலே போனது.

"புடிக்க வாணாம். நீங்க புடிச்சா ஒங்கட காலுதான் நிக்கும், அவங்கட கால் நிக்காது. கையப் பின்னுக்குக் கட்டுங்கொ."

கட்டினோம். பள்ளிக்கூடத்தில் ஹோம்வேர்க் செய்யாதவர்களைப் போல வரிசையாக, கையைப் பின்னால் கட்டி நின்றோம். அக்கா வோக்கரைப் பிடித்தாள். எழுந்தாள். முகம் வெளுத்து, வியர்த்து, உடனே உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தீங்களா!" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது. "நான் அப்பவே சொன்னேன். படுக்க வைங்க, படுக்க வைங்க!"

"மயக்கம் வந்தா இரிக்கிற, அவ்வளவுதான். படுக்கிற இல்ல," என்றார் ஃபிசியோ. "அக்கா, மூச்ச நல்லா இழுங்கொ. அவங்களப் பாக்காதீங்கொ. என்னப் பாருங்கொ."

அக்கா எங்களைத்தான் பார்த்தாள். ஒவ்வொருவராக. அந்தப் பார்வையில் என் முன் அறை இருந்தது, சூப் இருந்தது, நாங்கள் மாறி மாறிக் குடிக்கப்போகும் தேநீர் இருந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வோக்கரைத் தள்ளினாள். ஒரு கால். மற்றக் கால். பக்கத்துக் கட்டில் வரை போனாள். அந்தக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா "ஹரி ஷோக்!" என்று பாராட்டினார். அண்ணன் பின்னால் கட்டிய கையை எடுக்காமலே அழுதார்; கண்ணைத் துடைக்க அனுமதி உண்டா என்று தெரியவில்லை அவருக்கு.

வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது டொக்டர் வந்து, கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார். "அம்மா, இஞ்சயிருந்து எங்க போக விரும்புறியள்?"

"எங்க வீட்டுக்கு," என்றேன் நான். "கடுகண்ணாவைக்கு, அங்க ஆள் ஒதவி இருக்கு," என்றார் அண்ணன். "பல்லேகலையில எங்க வீடுதான் டொக்டர், படியே இல்ல," என்றாள் என் மனைவி.

டொக்டர் எங்களைக் கேட்கவில்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. அதுவும் அந்த ஒழுங்கில் உள்ள ஒரு கேள்வியாம். எத்தனையோ வருடமாக எத்தனையோ பேரைப் படுக்க வைத்த எங்கள் குடும்பத்தில், அதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அத்தையிடமும் கேட்கவில்லை.

"நான் ஏரிக்கு மேல போகணும்," என்றாள் அக்கா. "அங்க படி ஏறணும். ஏறப் பழகிறவரைக்கும் தம்பி வீட்ல இருக்கேன். அதுக்கு மேல இருந்தா அவனுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

அப்படித்தான் இருந்தாள். பல்லேகலைப் பக்கம் எங்கள் வீடு மட்டமான நிலத்தில் இருக்கிறது. பக்கத்துக் கிரிக்கெட் மைதானத்தில் மேட்ச் நடந்தால் கூச்சல் கேட்கும். எதற்குக் கூச்சல் என்று தெரியாது. முன் அறையில் என் எழுத்து மேசையை அகற்றிவிட்டு அக்காவுக்குக் கட்டில் போட்டோம். அவள் கட்டிலில் படுக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். அதுதான் பயிற்சி. எலும்பைப் பலப்படுத்தும் மாத்திரையை வாரத்தில் ஒரு காலை, வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, பிறகு படுக்காமல் இருக்க வேண்டும்; தேநீருக்கு முந்தி. அந்தக் காலைகளில் யாரும் அவளோடு பேசாமல் இருப்பதே நல்லது. எந்நேரமும் கதிரையில் படுத்தபடி வாசிக்கும் என்னைப் பார்த்து, "ஒனக்கு எப்ப ஒபரேஷன் செஞ்சாங்க?" என்று கேட்டாள். கிளினிக்கில் ஃபிசியோ மரப்படிகளில் ஏற்றி இறக்கிப் பழக்கினார். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஒபரேஷன் செய்த கால் முதலில். அக்கா அதைப் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவாள்.

படிக்கட்டுக்கு ஒரு பக்கமாவது கைப்பிடி வேண்டும் என்றும் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். நான் விசாரித்து முடிப்பதற்குள் அண்ணன் கடையிலிருந்து பைப்பும் சீமெந்தும் வெல்டிங்காரரும் வேனில் வந்து, ரோட்டிலிருந்து வாசல் வரை கைப்பிடி போட்டாயிற்று. ஒரு யானையைக் கட்டலாம். யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கம்பளையில் ஒருவர் வீட்டில் இப்படித்தான் இருக்கிறதாம்.

அக்கா ஏறிய அன்று மழை விட்டிருந்தது, படிகள் காய்ந்திருந்தன. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கைப்பிடி. நானும் அண்ணனும் பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. யாரும் சொல்லவில்லை, பழகிவிட்டது. நல்ல கால். மற்றக் கால். பாதியில் நின்றாள். ஏதாவது செய்கிறதா என்று கேட்டேன். "நீ மூச்சு வாங்குற சத்தம் கேக்குது. அதான் நின்னேன்," என்றாள். முன்பு போல வேகமில்லை. கால் கொஞ்சம் இழுக்கிறது. மழை நாளில் இனி சந்தைக்கு இறங்க மாட்டாள். த்ரீவீல்காரர்தான் சாமான் கொண்டுவர வேண்டும். ஆனாலும் ஏறிக்கொண்டிருந்தாள்.

மேலே போய் பூட்டைத் திறந்தாள். உள்ளே அடைபட்ட வீட்டின் வாசனை. அண்ணன் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

"உள்ள வராதீங்க, ஒரே தூசி," என்றாள் அக்கா. "நானே பாத்துக்கிறேன். சரி, போயிட்டு வாங்க."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஊன்றுகோலின் சத்தம், குசினிப் பக்கமாக. கேத்தலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். ஒரு ஆளுக்கு வேண்டிய அளவு தண்ணீர்தான்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னாளா பாரு," என்றார் அண்ணன்.

சொல்லவில்லை. நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்து நின்றோம். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருவரும்தான், ரோட்டுக்கு இறங்கினோம்.